பற்கூழைக் காக்கத் தாவரங்கள்: இதுவரை தெரிந்ததும் இனிச் செய்ய வேண்டியதும்

சொத்தை எனாமலைத் துளைத்து, டென்டினைக் கடந்து, பற்கூழைத் தொட்டுவிட்டால் அந்தப் பல்லுக்கு மூன்று வழிகள் உண்டு. பிடுங்கிவிடலாம். பற்கூழ் முழுவதையும் எடுத்துவிட்டு வேர்க்குழாயை அடைக்கும் ரூட் கேனல் செய்யலாம். அல்லது கெட்டுப்போன பகுதியை மட்டும் நீக்கி, மிச்சமிருக்கும் பற்கூழின் மேல் ஒரு மருந்தை வைத்து மூடி, பல்லை உயிரோடு காப்பாற்றலாம். மூன்றாவது வழியில்தான் பல்லுக்கு ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் மிஞ்சும். வேர் இன்னும் வளர்ந்து முடியாத சிறுவர்களின் பல்லுக்கு அது இன்றியமையாதது.

காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றை ஒட்டிய ஓரிக்கை போன்ற நெசவூரில் இந்த மூன்றில் எது நடக்கிறது என்பதைப் பல்லின் நிலை மட்டும் முடிவு செய்வதில்லை. நெசவுக்கூலி நெய்த புடவைக்குத்தான் கிடைக்கும். ரூட் கேனலுக்கு இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும், பிறகு மேலே கேப் போட வேண்டும். செலவும் சேர்ந்து, தறியும் நின்றால், பிடுங்கிவிடுவதே மலிவான வழியாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சை பெறாத சொத்தையோடு உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பால்பற்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறது. ஒரே அமர்வில் முடியும், மலிவான, நம்பத்தகுந்த பற்கூழ் மருந்து ஒன்று கிடைத்தால் பிடுங்கப்படும் பற்களில் கணிசமானவை வாயிலேயே தங்கும். கற்றாழை, மஞ்சள், கருஞ்சீரகம், கடற்பாசி என்று கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தாவரங்களின் பக்கம் திரும்பியிருப்பதற்கு இந்தத் தேவையே பெரிய காரணம். அந்த ஆய்வுகள் எங்கே நிற்கின்றன என்பதை இக்கட்டுரை எடை போடுகிறது.

பற்கூழுக்கு என்ன வேண்டும்?

பற்கூழ் என்பது நரம்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த மென்திசு. அதன் விளிம்பில் வரிசையாக நிற்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள்தாம் டென்டினை உருவாக்குகின்றன. சொத்தை மெல்ல நெருங்கும்போது இந்தச் செல்கள் உள்பக்கமாகக் கூடுதல் டென்டினைப் படியவைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பும். அவை செத்துவிட்டால், பற்கூழின் உள்ளிருக்கும் ஸ்டெம் செல்கள் அந்த இடத்துக்கு வந்து, உருமாறி, புதிய டென்டின் பாலத்தைக் கட்டும். பெரியவர்களின் பற்கூழில் இத்தகைய ஸ்டெம் செல்கள் இருப்பதை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கிரோந்தோஸ், ஷி முதலியோர் 2000இல் காட்டினார்கள்.

இதற்கு முன்னதாகவே, 1965இல், ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஜெரால்டு மூவரும் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழை வெளியே தெரியவிட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ எந்த மருந்தும் இல்லாமலே டென்டின் பாலம் உருவாயிற்று. பற்கூழைக் கொல்வது காயமல்ல, கிருமி என்று அன்று தெளிவாயிற்று. தாவர மருந்துகளைப் பற்றிய எந்த ஆய்வைப் படிக்கும்போதும் இந்தச் சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பற்கூழின் மேல் வைக்கும் பொருளிடம் நாம் ஐந்து வேலைகளை எதிர்பார்க்கிறோம். மிச்சமிருக்கும் கிருமியை அடக்க வேண்டும். புதிய கிருமி நுழையாதபடி இறுக்கமாக மூட வேண்டும். வீக்கத்தைத் தணிக்க வேண்டும். டென்டின் கட்டும் செல்களைத் தூண்ட வேண்டும். திசு பெரிதாக இழந்திருந்தால், செல்கள் தங்கி வளர ஓர் இடமும் தர வேண்டும். எந்தத் தாவரம் இவற்றில் எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் மதிப்பீடு சரியாக அமையும்.

இன்று கையில் இருப்பவை

பிலிப் ஃபாஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் 1756இல் பற்கூழைத் தங்கத் தகட்டால் மூடினார். 1920இல் ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடை அறிமுகப்படுத்தினார். அதன் காரத்தன்மை கிருமியைக் கொன்று டென்டினைத் தூண்டும். ஆனால் அது நாளடைவில் கரைந்துபோகும், அதன் கீழ் உருவாகும் பாலத்திலும் நுண்துளைகள் இருக்கும். 1993இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தோராபினெஜாத் குழுவினர் எம்.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிமென்டைக் கொண்டுவந்தார்கள். அதில் முக்கால் பங்கு, வீடு கட்டும் போர்ட்லாந்து சிமென்டின் தூய வடிவம்தான். ஈரத்திலும் இறுகும், நன்றாக மூடும், தரமான டென்டின் பாலத்தைத் தரும். இறுக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆவதும், பல்லைக் கறுக்கவைப்பதும், விலையும் அதன் குறைகள். பின்னர் வந்த பயோடென்டின் பன்னிரண்டு நிமிட அளவில் இறுகிவிடும், விலை குறைவதில்லை.

பால்பல் சிகிச்சையில் நெடுங்காலம் ஆண்டது ஃபார்மோகிரசால். 1904இல் பக்லி அறிமுகப்படுத்திய இம்மருந்தில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. குழந்தைகளின் வாயில் அதை வைக்கப் பல் மருத்துவர்கள் தயங்கத் தொடங்கினார்கள். அந்த வெற்றிடத்தில்தான் தாவரங்கள் நுழைந்தன.

முன்பே வந்த இரண்டு தாவரங்கள்

உண்மையில் தாவரங்கள் பல் மருத்துவமனைக்குப் புதியவை அல்ல. மூலைக்கு மூலை இருக்கும் பல் கிளினிக்குகளில் இன்றும் இரண்டு தாவரப் பொருள்கள் அன்றாடம் புழங்குகின்றன.

ஒன்று கட்டபெர்ச்சா. மலாயா, போர்னியோ காடுகளில் வளரும் பலாக்வியம் கட்டா மரத்தின் பால் இது. 1843இல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் புகழ் பெற்றது. 1867 முதல் வேர்க்குழாய் அடைப்பாகவும் பயன்படுகிறது. ரூட் கேனலில் திணிக்கும் இளஞ்சிவப்புக் குச்சியில் மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. உயிரிழந்த வேரை நிரப்ப அது போதும். உயிருள்ள பற்கூழுக்கு அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

மற்றொன்று கிராம்பு. பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொள்வது நம் வீட்டு வழக்கம். கன்னியாகுமரி மலைத் தோட்டங்களின் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கிராம்புத் தைலத்தின் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்தால் கிடைக்கும் பசை நூறாண்டுக்கும் மேலாகப் பல் அடைப்பில் இருக்கிறது. பற்கூழுக்கும் பசைக்கும் நடுவே டென்டின் இருக்கும்போது யூஜினால் துளித்துளியாகக் கசிந்து வலியைத் தணிக்கிறது. அதே பசையை வெளிப்பட்ட பற்கூழின் மேல் நேரடியாக வைத்தால் நாள்பட்ட வீக்கம் உண்டாகிறது. டென்டின் பாலம் உருவாவதில்லை. பால்பற்களில் வேர் உள்ளிருந்தே அரிக்கப்படுவதும் உண்டு. ஒரே தாவரப் பொருள், ஒரே பல், அளவும் இடமும் மாறியதும் மருந்து நஞ்சாகிவிட்டது. இயற்கைப் பொருள் என்பதாலேயே பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்குப் பல் மருத்துவம் வைத்திருக்கும் பழைய பதில் இது. வலிக்கும் சொத்தைக்குள் தைலத்தை ஊற்றுவோரும், கற்றாழைச் சோற்றையோ மஞ்சளையோ திணிப்போரும் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். வலி அடங்குவதும் பற்கூழ் ஆறுவதும் ஒன்றல்ல. சாகும் பற்கூழும் சில நாள் வலியை நிறுத்திவைக்கும்.

சோற்றுக்கற்றாழை

புதிய தாவரங்களில் மிகுந்த ஒழுங்கோடு ஆராயப்பட்டது கற்றாழைதான். அதன் சோற்றில் தொண்ணூற்றெட்டு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். எஞ்சிய சிறு பங்கில் அசிமேனன் என்ற சர்க்கரைத் தொடர் இருக்கிறது. பாங்காக்கின் சூலலங்கோர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கற்றாழையை அப்படியே வைக்காமல், அசிமேனனைப் பிரித்தெடுத்து, உலர்த்தி, பஞ்சு போன்ற கட்டியாக்கினார்கள். 2010இல் வெளியான அவர்கள் ஆய்வில், அது மனிதப் பற்கூழ் செல்களைப் பெருக்கி, எலிகளின் பல்லில் டென்டின் பாலத்தையும் ஒழுங்கான திசுவையும் தந்தது. அடுத்து வீங்கிய பற்கூழில், நாயின் பல்லில் சோதித்தார்கள். 2016இல் குழந்தைகளின் ஆழச் சொத்தைப் பால்பற்களில் கால்சியம் ஹைட்ராக்சைடோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. வேர் முடியாத நிரந்தரப் பற்களிலும் பிறகு சோதனை நடந்தது.

இந்த வரிசை முக்கியமானது. ஒரு பொருளைத் தனியே பிரித்து, செல், எலி, நாய், குழந்தை என்று படிப்படியாகப் போயிருக்கிறார்கள். தோட்டத்துக் கற்றாழையை வெட்டியதும் தோலடியிலிருந்து வடியும் மஞ்சள் பாலில் இருக்கும் அலோயின் திசுவை உறுத்தும். வெட்டிய சோற்றில் அசிமேனனும் விரைவில் சிதையும். எனவே பாங்காக் முடிவுகளை வீட்டுத் தொட்டிக் கற்றாழைக்குப் பொருத்த முடியாது.

மஞ்சள்

மஞ்சளைப் பற்றி இந்தியாவில் நடந்த ஆய்வுகள் ஏராளம். பால்பல்லின் மேல்பகுதிப் பற்கூழை நீக்கிவிட்டு மஞ்சள் தூளையோ பசையையோ வைத்த சிறு சோதனைகள் 2017ஐ ஒட்டி வெளிவந்தன. ஆறு மாத அளவில் நல்ல பலன் சொல்லப்பட்டது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் வீக்கத்தைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு.

ஆனால் குர்குமின் நீரில் கரையாது. உடலின் அமில-கார நடுநிலைச் சூழலில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். ஆய்வகச் சோதனைகளைத் தன் நிறத்தாலும் வேதித்தன்மையாலும் குழப்பி, இல்லாத பலனை இருப்பதாகக் காட்டும் என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எச்சரித்திருக்கிறார்கள். முன்பல்லில் வைத்தால் மஞ்சள் கறை தெரியும். சந்தைத் தூளில் நிறத்துக்காகச் சேர்க்கப்படும் கலப்படம் இன்னொரு கவலை. ஈரோட்டு மஞ்சளோ வேறெதுவோ, கடைத்தூளைப் பற்கூழில் வைக்க இடமே இல்லை. குர்குமினை நுண்குமிழிகளிலோ களிமத்திலோ அடைத்து மெல்ல வெளிவிடும் வழிகள் வெற்றி பெற்றால், சிமென்டில் சேர்க்கும் வீக்கத்தணிப்பியாக அதற்கு ஓர் இடம் கிடைக்கலாம்.

கருஞ்சீரகம், அதிமதுரம், தேனீப் பிசின்

கருஞ்சீரக எண்ணெயை 2012இல் நாய்களின் பல்லில் ஃபார்மோகிரசாலோடு ஒப்பிட்டபோது, எண்ணெய் வைத்த பற்கூழில் வீக்கம் குறைவாகவும் உயிர்த்தன்மை மிகுதியாகவும் இருந்தது. துருக்கியில் உருவான அங்காஃபெர்ட் என்ற ரத்தம் நிறுத்தியில் ஐந்து தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் அதிமதுரமும் சிற்றரத்தையும் நம் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைப்பவை. பற்கூழை வெட்டியதும் கசியும் ரத்தத்தை உடனே நிறுத்துவது சிகிச்சையின் முக்கியக் கட்டம். ஆகவே இதற்கு ஒரு தெளிவான வேலை உண்டு, அதன் எல்லையும் அதுதான்.

தேனீக்கள் மரப்பிசினைச் சேகரித்துத் தம் மெழுகோடு கலந்து கூட்டின் இடுக்குகளை அடைக்கும் புரோபோலிஸை 2010இல் மணிப்பால் பல் மருத்துவர்கள் மனிதப் பற்களில் சோதித்தார்கள். டென்டின் பாலம் எம்.டி.ஏ. தந்ததற்கு நிகராக அமைந்தது. இது கவனத்துக்குரிய முடிவு. ஆனால் சுற்றியுள்ள மரங்களைப் பொறுத்துப் புரோபோலிஸின் சேர்மானம் மாறும். மணிப்பாலில் ஆறியது வேறு ஊர்ப் பிசினில் ஆறும் என்று சொல்ல முடியாது.

சென்னையில் நடந்தவை

தமிழகத்தின் பங்கு இரண்டு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. அடிபட்டு விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்தும்வரை எதில் போட்டு வைப்பது என்ற கேள்வியைச் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியின் கோபிகிருஷ்ணா குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். வேரைச் சுற்றியுள்ள செல்களை இளநீர், புரோபோலிஸ், ஆய்வக உப்புக்கரைசல், பால் ஆகியவற்றில் வைத்துப் பார்த்ததில், இளநீரே அதிகச் செல்களை உயிரோடு காத்ததாக 2008இல் எழுதினார்கள். மறு ஆண்டே பிரேசில் ஆய்வாளர்கள் வேறு விதமாகக் கண்டார்கள். இளநீரின் அமிலத்தன்மையால் செல்கள் பாலில் இருந்த அளவுக்குக்கூடப் பிழைக்கவில்லை என்றார்கள். எந்தக் காயின் நீர், எவ்வளவு முற்றியது, அமிலத்தன்மை சரிசெய்யப்பட்டதா என்பதெல்லாம் முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்தது திரிபலா. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த இந்தப் பொடி பல்பொடியாக நமக்குப் பழக்கமானது. வேர்க்குழாயில் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் என்டரோகாக்கஸ் கிருமிப் படலத்தின் மேல் திரிபலாவையும் பச்சைத் தேயிலைச் சாரத்தையும் சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. இரண்டுக்கும் கிருமியைக் குறைக்கும் ஆற்றல் இருந்தது. ஆயினும் வேர்க்குழாயைக் கழுவ வழக்கமாகப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுதான் முதலிடத்தில் நின்றது. தம் பாரம்பரிய மருந்து இரண்டாமிடத்தில் நின்றதை மறைக்காமல் எழுதிய இந்த நேர்மை, இத்துறை முழுவதும் பரவ வேண்டும்.

செல்களுக்கு இடம்

பற்கூழ் பெருமளவு போய்விட்டால் மருந்து மட்டும் போதாது. பாவு இல்லாத தறியில் ஊடை ஓடாததுபோல், பிடித்துக்கொள்ள ஓர் இழைச்சட்டம் இல்லாத வெற்று வேர்க்குழாயில் செல்கள் திசுவாகச் சேர்வதில்லை. இந்தச் சட்டத்துக்குத் தாவர உலகம் நல்ல பொருள்களைத் தருகிறது.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் அல்ஜினேட், பல் அச்சு எடுக்கும் பசையாக எல்லாப் பல் மருத்துவருக்கும் தெரிந்தது. தாவரவியலார் பாசியைத் தாவரம் என்று கண்டிப்பாகச் சொல்லமாட்டார்கள் என்றாலும், இந்த ஆய்வுகள் அதையும் சேர்த்தே பேசுகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2002இல், வளர்ச்சிக் காரணி சேர்ந்த அல்ஜினேட் கூழை மனிதப் பல் துண்டுகளின் மேல் வைத்தபோது டென்டின் சுரப்பு தூண்டப்பட்டது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரக் கடற்கரைப் பெண்கள் மூச்சடக்கிச் சேகரிக்கும் பாசிகளிலும் அல்ஜினேட் இருக்கிறது. மருத்துவத் தரத்துக்கு அதைச் சுத்திகரித்தால் மூலப்பொருளின் மதிப்பு பலமடங்கு உயரும்.

பட்டு இந்தப் பட்டியலில் சேராது, அது புழு தருவது. முசுக்கொட்டை இலை புழுவின் வயிற்றில் மாறிப் பிறக்கும் புரதம். ஆனாலும் ஓரிக்கையைப் பேசிக்கொண்டு அதைக் கடந்துபோக முடியாது. பட்டுநூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற கோந்து. நெசவுக்கு முன் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் நூலைக் காய்ச்சி அந்தக் கோந்தை எடுப்பார்கள். ஆய்வகத்திலும் கூட்டைச் சோடியம் கார்பனேட்டில் கொதிக்கவைத்துத்தான் செரிசினை நீக்குகிறார்கள். மிஞ்சும் ஃபைப்ராயினைக் கரைத்து நுண்துளைப் பஞ்சாக வார்க்கிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கப்லன், யெலிக் குழுவினர் அத்தகைய பட்டுச் சட்டங்களில் மனிதப் பற்கூழ் செல்களை வளர்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

நெல்லிலும் ஒரு வழி இருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பல்லோடும் எலும்போடும் பிணையும் உயிர்க்கண்ணாடியை லாரி ஹென்ச் 1969இல் உருவாக்கினார். அதில் 45 விழுக்காடு சிலிக்கா. அந்தச் சிலிக்காவை உமிச்சாம்பலிலிருந்து எடுக்கலாம் என்று ரூர்கேலா என்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உமிச் சிலிக்காவில் பல் அடைப்புப் பொருளையே செய்திருக்கிறது. பற்கூழ் சிமென்டுகளும் கால்சியம் சிலிகேட்தான். காஞ்சி வட்டாரத்து ஏரிப்பாசன நெல்லின் உமி அரிசி ஆலைகளில் மலையாகக் குவிவது. மூலிகைச் சாற்றைப் போல் பருவத்துக்குப் பருவம் மாறாத, தூய்மையை அளந்து உறுதி செய்யக்கூடிய தாவரப் பொருள் இது. மலிவு விலைச் சிமென்டுக்கு இந்தப் பாதை மிகவும் நம்பிக்கை தருகிறது என்பது என் கருத்து.

சான்றுகளின் குறை எங்கே?

ஆய்வுகள் இவ்வளவு இருந்தும் பல் மருத்துவர் நம்பிக் கையாளும் ஒரு தாவர மருந்து இன்னும் வரவில்லை. காரணங்கள் நான்கு.

முதலாவது, ஒப்பீடு. மூலிகையை வைத்து, அதன்மேல் துத்தநாகப் பசையும் எஃகுக் கவசமும் போட்டு மூடிய பால்பல் ஆறு மாதம் தாங்கினால், புகழ் மூலிகைக்கா, மூடிக்கா? 1965ஆம் ஆண்டு எலிகள் கேட்ட கேள்வி இது. எம்.டி.ஏ.வோடு நேராக ஒப்பிடாத சோதனை எதையும் நிறுவுவதில்லை. பால்பல் சிகிச்சைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வும் 2018இல் எம்.டி.ஏ.வையே முன்னிறுத்தியது.

இரண்டாவது, காலம். ஆறு மாதத்தில் பெரும்பாலான மருந்துகள் நன்றாகவே தோன்றும். தோல்வி தெரிய இரண்டு ஆண்டாவது ஆகும்.

மூன்றாவது, பல்லின் நிலை. பல்லுக்குக் கம்பி கட்டும் சிகிச்சைக்காக எடுக்கவிருக்கும் நல்ல பற்களைத் துளைத்துச் செய்த சோதனைகள் பல. சொத்தையால் வீங்கிப்போன பற்கூழ் அப்படி நடந்துகொள்ளாது.

நான்காவது, மூலப்பொருள். எந்த வகைச் செடி, எந்தப் பருவம், நீரில் எடுத்த சாறா, சாராயத்தில் எடுத்ததா, வேலை செய்யும் பொருள் எத்தனை விழுக்காடு என்று சொல்லாத ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை.

செய்ய வேண்டியவை

ஐந்து வேலைகளையும் ஒருங்கே செய்யும் தாவரம் இதுவரை இல்லை. குறிப்பாக இறுக்கமாக மூடும் வேலையை எந்தச் சாறும் செய்வதில்லை. ஆகவே சிமென்டைத் தூக்கி எறிந்துவிட்டு மூலிகையை வைப்பது என்ற கனவைக் கைவிட்டு, சிமென்டுக்குத் துணையாக அசிமேனனையோ குர்குமினையோ சேர்ப்பதும், சிமென்டையே உமியிலிருந்து செய்வதும்தான் பலன் தரும் பாதைகள். தமிழகத்தில் இதற்கான அமைப்புகள் இருக்கின்றன. 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், தரமணியில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் மூன்றும் ஒரு மணிப் பயண தூரத்துக்குள் இருப்பவை. சிறு ஆய்வுகளை நூற்றுக்கணக்கில் பெருக்குவதைவிட, தரப்படுத்திய ஒரே பொருளைப் பல கல்லூரிகள் சேர்ந்து, முன்கூட்டியே பதிவு செய்து, இரண்டு ஆண்டுகள் சோதிப்பது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

1995இல் மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடி 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. அறிவைப் பிறர் கொண்டுபோகாமல் காத்தோம், நல்லது. அந்த அறிவைச் சோதித்து, ஏழைக் குழந்தையின் பல்லில் பயன்படும் பொருளாக மாற்றும் கடமையும் நமக்கு இருக்கிறது. விலை குறைவு என்பதற்காகச் சோதனையும் குறைந்த மருந்தை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது அறமாகாது. அந்தப் பிள்ளைக்கும் எம்.டி.ஏ.வுக்கு நிகரான பலன் வேண்டும், கைக்கு எட்டும் விலையில்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குளிர்ந்த நீர் பட்டதும் பிள்ளைக்குப் பல் சுரீரென்று கூசிச் சில நொடிகளில் அடங்கினால், பற்கூழ் இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். இரவில் தானாக எழுந்து நெடுநேரம் நிற்கும் வலி, காலம் கடந்துகொண்டிருப்பதன் அறிகுறி. முதல் கட்டத்திலேயே அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப்போய், பல்லை உயிரோடு வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். பால்பல்தானே, விழப்போவதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கீழிருந்து முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடத்தைக் காத்துவைப்பது அந்தப் பால்பல்தான்.